ஆடியில் பெய்யாத மழை

மல்வேர்ன்
கனடா, 12.10.1986

தம்பி தங்கத்துரைக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்குப் பொறுமை இல்லை. நீ வீட்டை விட்டுப் போய் மூன்று கிழமை ஆகிறது. அந்தப் படகுத்துறைக் கந்தோருக்கு நான்கு தரம் ரெலிபோன் எடுத்துவிட்டேன். நான்கு தரமும் ஒரு பெட்டை, நீ படகில் இருக்கிறாய் என்றும் செய்தி சொல்லுகிறேன் என்றும் சொன்னாள். அவள் சொன்னாளோ இல்லையோ, நீ எடுக்கவில்லை. ஒரே நகரத்தில் இருந்துகொண்டு தம்பிக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற கோலம் எனக்கு.

விசயத்துக்கு வருகிறேன். உன் அகதி விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. பெப்ரவரி 18. அதற்கு முதல் நீ கையெழுத்திட்ட வாக்குமூலம் லோயரின் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கேஸ் இல்லை. கேஸ் இல்லாவிட்டால் பிளேன் ஏற்றிக் கொழும்பில் இறக்குவார்கள். அங்கே உன்னை மாலை போட்டு வரவேற்க ஆமிதான் நிற்கும்.

அருள்நாயகம் அண்ணை இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினி மேசையில் இருந்து எழுதித் தந்த வாக்குமூலம் அது. இதுவரை பதினாறு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பதினாறும் சரிவந்தது. நீ என்ன செய்தாய்? சாப்பிட்டுக்கொண்டே வாசித்துப்போட்டு, "அண்டைக்கு மழை பெய்யேல்லை" என்றாய். உன் அத்தான் அதற்கு என்ன பிழையாகச் சொல்லிவிட்டார்? "மழை பெய்தாலென்ன வெயில் எறிச்சாலென்ன, கையெழுத்தைப் போடும் தங்கத்துரை" என்றார். இதற்குக் கதிரையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போகிற ஆளா நீ? பிசைந்த சோறு கோப்பையில் அப்படியே கிடந்தது. மழைக்காகக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன ஆளை நான் இதுவரை கேள்விப்படவில்லை.

நீ பல்கனியில் மழை அளக்கிற தகரம் வைத்ததற்குக் கட்டடக்காரனிடம் நான் பேச்சு வாங்கினேன். வாய் திறந்தேனா? சின்ன வயதில் இருந்தே உனக்கு ஆகாயத்தில்தான் கண் என்று பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியாது.

வாக்குமூலம் இதற்குள் இருக்கிறது. புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்தைப் போடு. திருப்பி அனுப்ப உறையும் முத்திரையும் வைத்திருக்கிறேன். நாக்கால் நனைக்கிற வேலை மட்டும்தான் உனக்கு.

அக்கா
கோணேஸ்வரி


படகு, ஸ்காபரோ
17.10.1986, காலை 7.00
வடமேல் காற்று, வேகம் 14 நொட். வெப்பநிலை 6 பாகை. அலை இரண்டடி.

அன்புள்ள அக்கா,

மேலே எழுதியதைப் பார்த்துப் பல்லைக் கடிப்பீர்கள். பழக்கதோசம். தாளைத் தொட்டால் கை முதலில் அதைத்தான் எழுதுகிறது.

நான் பட்டினி கிடக்கவில்லை. அலெக்ஸாண்டர் என்ற கிழவர் பனிக்காலத்துக்குப் புளோரிடா போய்விட்டார். அவருடைய படகைப் பார்த்துக்கொண்டு அதிலேயே இருக்கிறேன். வாடகை இல்லை. பகலில் மற்றப் படகுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறேன். குளிருக்கு மின்சார ஹீற்றர் உண்டு. மலைச்சரிவுக்குக் கீழே இந்தத் துறையில் எட்டுப் படகுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். வானொலியில் சொல்லுகிற காற்று விமான நிலையத்துக் காற்று. அது இங்கிருந்து முப்பது கிலோமீற்றர். மலைக்குக் கீழே காற்றின் போக்கே வேறு. அதனால் காலை ஏழு மணிக்கு நான் பார்த்ததைப் படகு ரேடியோவில் எட்டுப் பேருக்கும் சொல்லுகிறேன். பக்கத்துப் படகில் இருக்கிற வேரோனிக்கா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவ. நான் சொன்ன பிறகுதான் எந்தச் சப்பாத்துப் போடுவதென்று முடிவு செய்வாவாம்.

வாக்குமூலத்துக்கு வருகிறேன். அருள்நாயகம் அண்ணை நல்ல மனிசன். ஆனால் அவர் எழுதிய பதினாறு பேரும் மழைக்குள்தான் ஓடியிருக்கிறார்கள். நான் பதினேழாவது. "1984 யூலை 19ஆம் திகதி கடும் மழையில் ஆமி கலைக்கக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தேன்" என்று எழுதியிருக்கிறார். அக்கா, நீங்கள் திருகோணமலையில் பிறந்த ஆள்தானே? ஆடியில் அங்கே எங்கே மழை? கச்சான் காற்று அடித்து முற்றத்து மண் எல்லாம் கண்ணுக்குள் போகிற காலம். இது தெரியாமல் நீங்களும் அத்தானும் மேசையில் இருந்து தலையாட்டியிருக்கிறீர்கள்.

அதை விடுங்கள். நான் வேலை செய்த வானிலை நிலையத்தின் பதிவேடு இப்போதும் கொழும்பில் இருக்கும். 19ஆம் திகதி மழை: பூச்சியம். அதை எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். ஒரே நாளுக்கு ஒரே கையெழுத்தால் ஒரு தாளில் பூச்சியம் என்றும் இன்னொரு தாளில் கடும் மழை என்றும் வைக்கச் சொல்லுகிறீர்கள்.

கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். முத்திரைக்கு நன்றி.

தம்பி
தங்கத்துரை


மல்வேர்ன்
26.10.1986

தம்பி,

உன் காற்றும் அலையும் வந்து சேர்ந்தன. வாக்குமூலமும் வந்து சேர்ந்தது, போன மாதிரியே வெறுமையாக.

கொழும்புக்கு ஆள் அனுப்பி உன் பதிவேட்டைத் தூசு தட்டிப் பார்க்கப் போகிறார்களா கனடாக்காரர்? உனக்குக் கொழுப்பு. ஆனாலும் தம்பிக்காரனாயிற்றே என்று அருள்நாயகம் அண்ணையிடம் போய், மழையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "தங்கச்சி, மழையை எடுத்தா ஆமி ஏன் இவரைப் பிடிக்கேல்லை எண்டு கேப்பினம். மழையாலதான் காடு, காட்டாலதான் தப்பினது. மழையை எடுத்தா காட்டையும் எடுக்கோணும். காட்டை எடுத்தா பிறகென்ன கிடக்கு?" நியாயம்தானே. மழை இல்லாமல் நீ எப்படித் தப்பினாய்? அதையாவது நீயே எழுதித் தா. நீ இங்கே வந்த நாள் முதல் நானும் கேட்கிறேன், "தப்பியிட்டன்" என்ற ஒரு சொல்லைத் தவிர உன் வாயால் வேறு வரவில்லை.

இன்னொன்று. எட்டுப் பேருக்குக் காற்றுச் சொல்லுகிறாயாம். வெட்கமில்லையா? ஊரில் மீன்பிடிக்காரருக்கு விடிய விடியக் காற்றும் கடலும் சொல்லித்தானே அந்த வினை வந்தது. நீ இயக்கப் பெடியளின் வள்ளங்களுக்கும் சொல்லுகிறாய் என்று எவனோ கோள் மூட்ட, ஆமி உன்னைத் தேடி வந்தது. பட்டும் புத்தி வராத பிறவி.

அத்தானை நினைத்துப் பார். அவருடைய தம்பி மகேஸ்வரனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருசமும் மூன்று மாதமும். நீ எடுத்துக் கொடுத்த வேலை என்று உன் நிலையத்துக்குச் சந்தோசமாக வந்த பிள்ளை. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் பிடித்தார்கள் என்பதைத் தவிர இன்றுவரை ஒரு தகவல் இல்லை. ஊரில் இருந்து மாமி மகனைக் கேட்டு மாதம் ஒரு கடிதம் போடுகிறா. அதை வாசித்த நாளில் இவர் சாப்பிடுவதில்லை. "மகேசைத்தான் காப்பாத்தேலாமல் போச்சு, உன்ரை தம்பியையாவது பாப்பம்" என்று, ரெக்ஸ்டேலில் வேலை முடித்து மூன்று பஸ் மாறி வருகிற மனிசன், லீவு போட்டு லோயரின் கந்தோர் வாசலில் நிற்கிறார். அந்த ஆளோடா உனக்குக் கோபம்?

கோணேஸ்வரி


படகு
9.11.1986, காலை 7.00
கீழ்க்காற்று, 20 நொட், பின்பு கூடும். வெப்பநிலை 2 பாகை. மழையும் பனியும் கலந்து, 11 மில்லிமீற்றர்.

அக்கா,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதி மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

அத்தானோடு எனக்குக் கோபம் இல்லை. அவரை எனக்காக லீவு எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். லோயர் வாசலில் நிற்கவும் வேண்டாம். தயவுசெய்து. எனக்காக அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. இதை நான் எரிச்சலில் சொல்லவில்லை, நீங்கள் எரிச்சல் என்றுதான் எடுப்பீர்கள்.

துறையில் கிழக்கிலிருந்து இந்தக் கீழ்க்காற்று வந்தால் அலை நேரே உள்ளே வரும். நேற்றுக் கயிறு இரண்டு அறுந்தது. காலையில் சொல்லியிருந்தபடியால் எல்லாரும் இரட்டைக் கயிறு போட்டிருந்தார்கள். ஒரு படகுக்கும் சேதமில்லை.

தங்கத்துரை


மல்வேர்ன்
21.12.1986

தங்கத்துரை,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

போன ஞாயிறு ஆஸ்பத்திரி லோண்டரியில் காலை ஷிப்ட் முடித்து, பிட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அந்த மலைப்பாதையில் ஐசுக்குமேல் கால் வைத்து வைத்து இறங்கி உன்னிடம் வந்தேன். நீ என்னைப் பிளாஸ்ரிக் போர்த்த அந்தப் படகுக்குள் ஒன்றரை மணித்தியாலம் இருத்தி அழுத்தமானி காட்டினாய். இது விழுந்தால் காற்று வரும், ஏறினால் குளிரும் என்று பாடம் எடுத்தாய். அத்தானின் பெயரை எடுத்தவுடன் எழும்பி வெளியில் போய்க் காற்றுப் பார்க்கிறாய். "மகேசின்ரை ஆண்டுத் திவசம் செய்யிறதோ விடுறதோ எண்டு மாமி கேட்டு எழுதியிருக்கிறா" என்றேன். ஆள் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ தெரியாமல் எப்படித் திவசம் செய்வது என்று அந்தக் கிழவி தவிக்கிறா. நீ படகைச் சுற்றி ஐஸ் உருக்குகிற மெசினைப் பார்க்க வேண்டும் என்று போனாய். திரும்பி வர அரை மணித்தியாலம். மெசின் எங்கே இருக்கிறது, மொன்றியலிலா?

வெளியே வரும்போது உன் வேரோனிக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தத் துறையில் எல்லாரும் நம்புகிற வாய் உன்னுடையதுதான் என்று புகழ்ந்தா. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெள்ளைக்காரிக்குக் காற்று எத்தனை என்று சரியாகச் சொல்லுவாய். கூடப் பிறந்தவளுக்கு என்ன நடந்தது என்று சொல்ல மாட்டாய்.

லோயர் ஜனவரி 30 கடைசி என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் கேஸை விடுகிறார். உன்னை அங்கே திருப்பி அனுப்பினால் நான் ஒப்பாரி வைக்க மாட்டேன். வைக்கத் தெம்பில்லை.

கடைசியாகக் கேட்கிறேன். அன்றைக்கு மழை பெய்யவில்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் என்ன நடந்தது?

கோணேஸ்வரி


படகு
11.1.1987

அக்கா,

இன்று ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேர் வந்து கதவில் தட்டிச் சுகமில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு இரவு வேலை எனக்கு. காலை எட்டு மணிக்கு மகேஸ்வரன் என்னிடம் வேலையைப் பாரம் எடுக்க வேண்டும். அவன் ஏழுக்கே வந்துவிட்டான், எப்போதும் அப்படித்தான். எட்டரை மணி மானி வாசிப்பு என்னுடையது இல்லை. அவனுடையது. ஆனால் மழைமானியில் அவன் கொஞ்சம் அவசரக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு. "நீ இரடா, நான் பாத்திட்டுப் போறன்" என்று பதிவேட்டை எடுத்துக்கொண்டு நான்தான் வெளியே போனேன். அவன் என் கதிரையில் இருந்தான். சுவரில் மாட்டியிருந்த வேலை அட்டையில் என் பெயர்தான் இருந்தது.

நான் வெப்பமானிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து நிற்கும்போது ஜீப் வந்தது. பெட்டி என்னை மறைத்தது. நான் ஒளியவில்லை, முதலில். பிறகு ஒளிந்தேன்.

உள்ளே போனவன், "நீதானே தங்கத்துரை?" என்று கேட்டான். மகேஸ்வரன் யன்னலால் என் பக்கம் பார்த்தான். என்னைக் கண்டான், அக்கா. இல்லை என்று அவன் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. எழும்பி அவர்களோடு நடந்தான். வாசலில் இருந்து ஜீப் வரைக்கும் முப்பது அடி இருக்கும். ஒரு சொல் சொல்ல அது போதும். "அது நானில்லை, உவன்" என்று கையைக் காட்ட அவனுக்கும் போதும். அவன் காட்டவில்லை. நான் சொல்லவில்லை.

ஜீப் போன பிறகு உள்ளே போய்ப் பதிவேட்டை எழுதினேன். மேல்காற்று 12 நொட். வெப்பநிலை 31. மழை பூச்சியம். கையெழுத்து. ஏன் எழுதினேன் என்று கேட்காதீர்கள். பிறகு பின்வேலியால் போய்க் கொழும்பு பஸ் எடுத்தேன். வழியில் பிடித்தார்கள் என்று நிலையப் பொறுப்பாளர் மாமியிடம் பயத்தில் சொன்னதைக் கொழும்பில் இருந்து கேள்விப்பட்டேன். திருத்தவில்லை. அத்தான் ஏர்போர்ட்டுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "நீராவது வந்து சேர்ந்தீர்" என்று அழுதபோதும் திருத்தவில்லை. ஒன்றரை வருசம் அவர் மேசையில் அவர் உழைப்பில் சாப்பிட்டேன்.

அந்த மழையில் எனக்கென்ன இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டீர்கள். கச்சான் கந்தோர்ப் பக்கமிருந்து என் பக்கம் அடித்தது. அதனால் அவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மழை பெய்திருந்தால் கேட்டிருக்காது. ஒன்றும் கேளாத ஒருவன், ஒன்றும் தெரியாமல் ஓடித் தப்பியிருப்பான். அருள்நாயகம் அண்ணையின் தாளில் இருக்கிறவன் அவன். அவன் நானாக இருக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டால் நான் அவனாகிவிடுவேன். மகேஸ்வரன் வழியில் பிடிபட்டவனாகவே இருப்பான்.

நடந்ததை நானே எழுதி லோயருக்குத் தபாலில் போட்டுவிட்டேன். அதைப் பார்த்து என்னை ஏற்றுக்கொள்வார்களோ தெரியாது. தன் உயிருக்காக இன்னொருவனை விட்டவனுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டாலும் கேட்பார்கள்.

இந்தக் கடிதத்தை அத்தானிடம் கொடுங்கள். நீங்கள் வாசித்துச் சொல்ல வேண்டாம். அவரே வாசிக்கட்டும்.

தங்கத்துரை


மல்வேர்ன்
20.9.1987

தம்பி,

எட்டு மாதம் உனக்கு எழுதவில்லை. எழுத எனக்கு என்ன இருந்தது? நடுவில் நான் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்கினேன்.

உன் கடிதத்தை அன்றே கொடுத்தேன். இவர் நின்றபடியே வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு உன் பெயர் இந்த வீட்டில் இல்லை. நான் எடுத்தாலும் எழும்பிப் போய்விடுவார். உங்கள் இரண்டு பேருக்கும் எழும்பிப் போகத்தான் தெரியும். விசாரணைக்கு நான் மட்டும் வந்து வெளியே வாங்கில் இருந்ததை நீ கண்டாய்தானே? "வீட்டை வா" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. என் வீடு மட்டுமாக இருந்தால் கூப்பிட்டிருப்பேன். கோபமும் இருந்தது. இன்னும் இருக்கிறது. அந்தக் கிழவி இரண்டரை வருசம் பிழையான ரோட்டில் மகனைத் தேடினா. அதை நான் எப்படி மறப்பது?

மாமிக்கு இவர் எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை. போன மாதம் அங்கே திவசம் செய்தார்கள் என்று மட்டும் தெரியும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உன் தீர்ப்பு என் விலாசத்துக்கு வந்தது. உன்னை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நீ சொன்னதை நம்புவதாக எழுதியிருக்கிறார்கள். லோயர் ரெலிபோனில் சந்தோசப்பட்டார். நான் மேசையில் வைத்து, வாசித்து, திரும்ப வாசித்து, அழுதேன். நீ இங்கே இருக்கப் போகிறாய். அது போதும் எனக்கு, மற்றதை நான் பிறகு உன்னோடு சண்டை பிடித்துக்கொள்ளுகிறேன்.

இவர் வேலையால் வந்தார். சப்பாத்தும் கழற்றவில்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "உமது தம்பிக்குக் கடிதம் போடேக்கை ஒண்டு கேளும்" என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு. நான் பயந்துபோனேன். "மகேஸ் அண்டைக்குக் காலமை சாப்பிட்டவனோ?"

அவ்வளவுதான் கேட்டார். அவர் கேட்டபடியே எழுதிவிட்டேன். பதில் போடு. காற்றுச் சொல்லாமல் பதில் போடு.

அக்கா
கோணேஸ்வரி


படகு
24.9.1987

அக்கா,

இதை அத்தானிடம் கொடுங்கள்.

அத்தான்,

மகேஸ்வரன் வரும்போது சந்திக் கடையில் நான்கு றொட்டியும் கட்டைச்சம்பலும் வாங்கி வந்தான். எனக்கு இரண்டு, தனக்கு இரண்டு என்று வைத்தான். நான் என்னுடையதைச் சாப்பிட்டு முடித்தேன். அவன் ஆறுதலாக மென்று சாப்பிடுகிற ஆள், உங்களுக்குத் தெரியும். வாசிப்புக்கு நான் போகிறேன் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். சாப்பிடட்டும் என்று நினைத்தேன்.

முழுக்கச் சாப்பிட்டான் என்று எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. இரண்டு தரம் அப்படி எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஒன்றரை சாப்பிட்டான், அத்தான். மற்றப் பாதி கோப்பையில் கிடந்தது.

தங்கத்துரை